ஆறு மணி நேரப் புகை

சுவை ஆறு என்று வகுத்த எம் முன்னோர், புகைக்கு அவற்றுள் இடம் அளிக்கவில்லை. பாலிலே புகை மணந்தால் அதனை அடுக்களையின் குற்றமாகவே நாம் கொள்கின்றோம். ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையிலோ அப்புகையை அளந்து ஏற்றி, அதற்கெனவே விலையும் பெறுகின்றனர். குடியைப் புகழ்வது எமது நோக்கமன்று. மாணவர் கையிற் கிண்ணத்தைக் கொடுக்கவும் நாம் எண்ணவில்லை. ஒரு பொருளின் சுவை எங்கிருந்து பிறக்கின்றது என்னும் வினாவுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எமக்குக் கிடைக்காமையினாலேயே விஸ்கியைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

கின்ரயர் என்னும் நீண்ட குடாநாட்டின் தென்பகுதியிலே காம்பெல்ரவுன் என்றொரு சிறு துறைமுகப் பட்டினம் உண்டு. அங்கே 1828இல் நிறுவப்பட்டது ஸ்பிறிங்பாங்க் வடிசாலை. வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து, தளத்திற் பரப்பி, ஆட்கள் கிளறிக் கொடுத்து முளைக்கச் செய்வது முதல் போத்தலில் அடைப்பது ஈறாக எல்லா வேலையும் அங்கேயே நடைபெறுகின்றன. முளைத்த தானியத்தைச் சூளையில் உலர்த்தும் கட்டத்திலேதான் புகை உட்புகுகின்றது. ஆறு மணி நேரம் முற்றா நிலக்கரியின் புகை. அதன்பின் வெறுஞ் சூட்டுக்காற்று. அவ்வளவே. அதே சாலையார் ‘லோங்ரோ’ என்னும் வேறொரு வகைக்கு 48 மணி நேரம் வரை புகையூட்டுவர். ‘ஹேசல்பேர்ண்’ என்னும் வகைக்குப் புகையே காட்டுவதில்லை. வடிக்கும் முறையிலும் மூன்றுக்கும் வேறுபாடு உண்டு.

முற்றா நிலக்கரி என்பது சதுப்பு நிலத்திலே பாசியும் புதரும் முழுவதும் அழுகாமற் படிந்து இறுகியது. அது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவே வளரும். ஒரு முழ ஆழம் வெட்டுபவன் நாலரை நூற்றாண்டை வெட்டி எடுக்கின்றான்! அதன் புகையிலுள்ள பீனோல் சேர்வைகள் ஈரத் தானியத்தின் உமியைப் பற்றிக்கொள்கின்றன. மில்லியனுக்கு இத்தனை பங்கு என்று அவற்றை அளந்து கூறுவர். ஆயின் அந்த எண் தானியத்துக்குரியது, போத்தலுக்குரியதன்று. வடிக்கையில் அதன் பெரும்பகுதி கழிந்துவிடும். எண்ணைக் கொண்டு சுவையை மதிப்பிடுவோர், சாதகத்தைப் பார்த்து மணமகளைக் கண்டுவிட்டதாக எண்ணுவோரை ஒப்பர்.

பத்தாண்டு பீப்பாவிற் கிடந்த, 46 வீத மதுசாரங் கொண்ட வகையை நாம் சிறிதளவு சுவைத்தோம். வைக்கோலின் நிறம், செயற்கைச் சாயம் சேர்ப்பதில்லை. மூக்கருகே கொணர்ந்தபோது முதலில் வந்தது புகையன்று. கனிந்த பேரிக்காய், பின்னர் வனிலா, அதன்பின் ஈரச் சாக்கிற் கட்டிய தானியத்தின் வாசனை. புகையைத் தேடினோம், தேடத் தேட ஒளித்தது. நாவில் வைத்த பின்னரே, தேனின் இனிப்புக்கும் கறுவாவின் உறைப்புக்கும் அடியிலிருந்து, மழை ஓய்ந்த மாலையிலே தூரத்து வளவொன்றிற் சருகு எரிவது போன்று மெல்ல எழுந்தது. விழுங்கிய பின் நெடுநேரம் நின்றதும் அதுவே. பாடகர் பாடும்போது தம்புராவை நாம் தனியே கேட்பதில்லை. அது நின்றாலன்றோ வெறுமை தெரியும்? கடும்புகை ஏறிய வகைகளிலே மருந்துச்சாலை நெடி முன்வந்து நின்று ஏனையவற்றை மறைத்துவிடுகின்றது. அதனையே விரும்புவோரும் பலர். எமக்கு இந்த அடக்கமே உவப்பானது.

சில துளி நீர் விட்டதும் புகை சற்றுத் தெளிவாயிற்று. இது மனப்பிரமையன்று. குவையக்கோல் என்பது புகைமணந் தரும் பீனோல்களுள் ஒன்று. மதுசாரம் 45 வீதத்துக்குக் குறையும்போது அது திரவத்தின் மேற்பரப்பை நாடுகின்றது என, சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2017இற் கணினிக் கணிப்பினாற் காட்டினர். மேற்பரப்புக்கு வந்தது மூக்குக்கு எட்டுவது இயல்பே. உப்பின் கதை வேறு. ஈற்றிலே கடற்காற்றின் உவர்ப்பை உணர்ந்தோம். சுவைத்தோர் பலரும் அவ்வாறே கூறுவர். ஆனால் உப்பு ஆவியாகி வடிவதில்லை. நாவுக்குப் புலப்படும் அளவு உப்பு அத்திரவத்தில் இல்லை. மணங்கள் கூடி நாவை ஏமாற்றுகின்றன போலும்.

இவ்வூரின் வரலாறு இனிமையானதன்று. 1887இல் வெளிவந்த தமது நூலில் அல்பிரட் பார்னாட் இங்கே 21 வடிசாலைகளைக் கணக்கிட்டார். 1930களின் நடுப்பகுதியில் எஞ்சியவை இரண்டே. 1920இல் அமெரிக்கா மதுவிலக்குச் செய்தமையும், அயலிலிருந்த நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டமையும் காரணங்களாகக் கூறப்படும். தேவை மிகுந்த காலத்தில் அவசரமாக வடித்த மட்டமான சரக்கு, வாங்குவோரின் நம்பிக்கையைக் கெடுத்ததையும் மறைத்தல் தகாது. எத்தனை குடும்பங்கள் அதனாற் பிழைப்பை இழந்திருக்கும்! ஸ்பிறிங்பாங்கும் 1980களிற் பெரும்பாலும் அடங்கியே கிடந்தது. 1992இலே, செலவு மிகுந்த பழைய தளமுறையை அது மீண்டும் கைக்கொண்டது. 1925இல் மூடப்பட்ட அயலூழியச் சாலையாகிய கிளென்கைல் 2004இல் மீண்டும் வடிக்கத் தொடங்கியது. அதற்குரிய தானியமும் ஸ்பிறிங்பாங்கின் தளத்திலேயே முளைத்து, அங்குள்ள சூளையிலேயே புகையேறுகின்றது.