உங்களுக்குத் தெரியுமா? கோணிய கழுத்து எல்லாம் சுளுக்கு அல்ல

தொண்டைப்புண் வந்தோ, டான்சில் அறுவை செய்தோ சில நாள் ஆகியிருக்கும். காலையில் குழந்தை தலையை ஒரு தோள் பக்கம் சாய்த்து, முகவாயை எதிர்ப்பக்கம் திருப்பியபடி எழுந்து வரும். நேராக்கப் போனால் அலறும். ‘தலையணை சரியில்லை’ என்று வீட்டில் யாராவது எண்ணெயோடு சுளுக்கு வழிக்கக் கிளம்புவார்கள். தயவுசெய்து வேண்டாம்.

மண்டையைத் தாங்கும் முதல் எலும்பு அட்லஸ், அதன் கீழே ஆக்சிஸ். நாம் கழுத்தைத் திருப்புவதில் ஏறக்குறையப் பாதி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. தொண்டை அழற்சி அருகிலுள்ள இணைப்பு நார்களைத் தளர்த்திவிட்டால், மூட்டு திரும்பிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். 1930-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் கிரிசலின் பெயரால் ‘கிரிசல் நோய்க்குறி’ என்கிறார்கள். தொற்று இல்லாமல், சின்ன அடி, லேசான விழுதலால்கூட மூட்டு இப்படிச் சிக்கிக்கொள்ளலாம்.

ஒரு வாரத்துக்குள் மருத்துவரிடம் வந்துவிட்டால் மெத்தென்ற காலர், வலி மருந்து, ஓய்வு. பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். தொற்று இருந்தால் ஆன்டிபயாடிக்கும் உண்டு. அதற்கு மேல் தள்ளிப்போனால் மருத்துவமனைப் படுக்கைதான். முகவாயையும் பின்மண்டையையும் சுற்றிப் பட்டை மாட்டி, கப்பியில் ஓடும் கயிற்றின் நுனியில் சிறு எடையைத் தொங்கவிடுவார்கள். தசை இளக மருந்தும் தருவார்கள். மூட்டு மெல்ல இடத்துக்கு வந்தபின் சில வாரம் காலர். மாதம் தாண்டிய கேஸ்களுக்கு மண்டையோட்டில் திருகிப் பொருத்தும் ‘ஹேலோ’ வளையம் தேவைப்படலாம்.

கை கால் மரத்தாலோ நடை தள்ளாடினாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.