அரிதாளும் மின்சாரமும்

தில்லியில் வாழும் நம்மவர் ஐப்பசித் திங்களின் புகையை நன்கறிவர். பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல்லறுத்தபின் கோதுமை விதைக்கச் சில வாரங்களே எஞ்சுவதால், உழவர் பலர் வயலில் நிற்கும் அரிதாளைக் கொளுத்திவிடுகின்றனர். அப்புகை தலைநகர் வரை பரவுகிறது. இங்ஙனம் வீணாகும் தாளிலுள்ள கரியை, மின்சாரத்தைச் சேமிக்கும் கருவிக்கு உறுப்பாக்கலாம் என்பது இன்றைய அறிவியல் கண்ட உண்மை.

வெட்டவெளியில் எரிந்தால் கரி கரியமிலவாயுவாகிக் காற்றிற் கலந்துவிடும். காற்றுப் புகாத கலத்தில் சுட்டால் கரி மிஞ்சும். மூட்டம் போட்டுக் கரி சுடுவோர் அறிந்த முறையே இது. ஆயினும் அடுப்புக்கரி அப்படியே மின்வாய்க்கு உதவாது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தைக் கலந்து, ஏறத்தாழ 700 முதல் 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மீண்டும் சுடுதல் வேண்டும். காரம் கரியை அரித்து, கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகளை எண்ணிறந்தனவாக உண்டாக்குகிறது. பின்னர் அமிலத்தாலும் நீராலும் கழுவி உலர்த்துவர். இத்தகைய கரியில், ஒரு கிராமின் துளைச் சுவர்களை விரித்து அளந்தால் 1,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்புக் கிடைக்கும்!

இப்பரப்பினால் விளையும் பயன் யாது? மீமின்தேக்கி என்னும் கருவியில் இரு கரித்தகடுகள் மின்பகு கரைசலில் தோய்ந்திருக்கும். மின்னூட்டும்போது கரைசலின் அயனிகள் துளைச் சுவர்களைப் பற்றி நிற்கின்றன. வேதி மாற்றம் நிகழாமையால் கருவி சில நொடிகளில் நிரம்பும்; இலட்சக்கணக்கான முறை பயன்படும். எனினும் கிலோகிராமுக்கு அது தாங்கும் ஆற்றல் பெரும்பாலும் 5 முதல் 10 வாட்மணியே. லித்தியம் மின்கலமோ 150 வாட்மணிக்கும் மேல் தாங்கும். ஆதலால் ஒரு கணத்தில் மிகு விசை வேண்டும் இடத்திற்கே மீமின்தேக்கி ஏற்றது.

தாவரக் கரிக்கு மற்றொரு பயனும் உண்டு. உப்பிலிருந்து கிடைக்கும் சோடியம், லித்தியம் மின்கலத்திலுள்ள கிராஃபைட்டினுள் எளிதிற் புகாது. அடுக்குகள் ஒழுங்கற்றுக் கிடக்கும் வன்கரி அதனை ஏற்கும். கனடா நாட்டு அறிஞர் ஸ்டீவன்சும் டானும், குளுக்கோசிலிருந்து செய்த கரியைக் கொண்டு 2000ஆம் ஆண்டில் இதனை மெய்ப்பித்தனர்.

அங்ஙனமாயின் தடை யாது? காங்கேயத்துத் தேங்காய்க் களங்களில் கொட்டாங்கச்சி ஓரிடத்தே குவிகிறது. அதிற் சாம்பலும் குறைவு. ஆகவே அது கரித்தொழிலுக்கு நற்பொருளாயிற்று. நெற்றாளோ வயல்தோறும் சிதறிக் கிடப்பது. மணற்சத்தாகிய சிலிக்கா மிகுந்தது. அதனைக் கட்டிச் சேர்க்கக் கூலி வேண்டும்; சிலிக்காவை நீக்கச் செலவு வேண்டும்; கழுவிய கார நீரைத் தூய்மை செய்யாது ஆற்றில் விடலாகாது.

மின்வாய்த் தொழில் ஒன்றே தாள் முழுவதையும் ஏற்றுவிடாது. ஆயினும் கூலிக்கு மேல் நாலு காசு கிட்டுமாயின், தாளைக் கொளுத்த எந்த உழவர்க்கும் மனம் வராது.