முட்டைக்கு வண்ணம் தரும் வெங்காயத் தோல்!

வெங்காயம் உரித்ததும் தோலைக் குப்பையில்தானே கொட்டுகிறீர்கள்? கிரீஸ் நாட்டில் பல வீடுகளில் ஈஸ்டர் நெருங்கும்போது அதைப் பத்திரமாகச் சேர்த்து வைப்பார்கள். பெரிய வியாழனன்று முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றத்தான்! சிவப்பு, இயேசு சிந்திய ரத்தத்தின் அடையாளம். ஈஸ்டர் நள்ளிரவுப் பூசை முடிந்ததும், முட்டையோடு முட்டையை மோதி விளையாடுவார்கள். யாருடைய முட்டை உடையவில்லையோ, அவருக்கு அந்த வருடம் அதிர்ஷ்டம்!

அது சரி, ஏன் முட்டை? தவக்காலத்தில் முட்டை சாப்பிடக்கூடாது என்று அந்தக் காலத்தில் கட்டுப்பாடு. கோழிக்கு விரதம் தெரியுமா? அது பாட்டுக்கு முட்டை போட்டுக்கொண்டே இருக்கும். சேர்ந்துபோன முட்டைகள் பண்டிகையன்று விருந்தாகின. 1290-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், ஈஸ்டருக்காக 450 முட்டைகள் வாங்க 18 பென்ஸ் செலவு என்று குறிப்பு இருக்கிறது.

உக்ரைனில் இரண்டு வகை உண்டு. வேகவைத்து ஒரே நிறம் ஏற்றிச் சாப்பிடுவது 'கிராஷங்கா'. பச்சை முட்டையில் தேன்மெழுகால் கோலம் வரைந்து, அழகுக்காக வைப்பது 'பிசாங்கா'. இந்தக் கலை 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது.

எந்தப் பொருளுக்கு எந்த நிறம்?

* வெங்காயத் தோல் - ஆரஞ்சு முதல் செம்பழுப்பு வரை
* மஞ்சள் தூள் - பளிச் மஞ்சள்
* பீட்ரூட் - இளஞ்சிவப்பு
* ஊதா முட்டைகோஸ் - நீலம்

ஊதா கோஸ் எப்படி நீலம் தரும் என்கிறீர்களா? முட்டை ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டதும் கோஸின் நிறமி நீலமாக மாறிவிடுகிறது!

செய்முறை ரொம்பச் சுலபம். ஏழெட்டு பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோலை நான்கு கப் தண்ணீரில் போட்டு, அரை மணி நேரம் சிறு தீயில் கொதிக்க விடுங்கள். வடிகட்டி, நன்றாக ஆறியதும் ஒரு கப் சாயத்துக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் சேருங்கள். வினிகர் ஓட்டின் மேற்பரப்பை லேசாக அரித்துவிடுவதால் சாயம் நன்றாகப் பிடிக்கும். நிறைய ஊற்றினால் ஓடு சொரசொரப்பாகிவிடும், ஜாக்கிரதை! வேகவைத்து ஆறவைத்த வெள்ளை முட்டைகளை இதில் மூழ்கும்படி போட்டு, ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் எடுத்து, ஈரம் காய்ந்ததும் இரண்டு சொட்டு சமையல் எண்ணெய் தடவினால், பளபளவென்று மின்னும்.

இலை டிசைன் வேண்டுமா? முட்டை மேல் ஒரு கொத்தமல்லி இலையை ஒட்டி, பழைய நைலான் சாக்ஸ் துண்டால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் போடுங்கள். இலை இருந்த இடம் மட்டும் நிறம் ஏறாமல் அச்சு விழும்.

இனிதான் முக்கியமான விஷயம். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஓட்டின் மேல் இருக்கும் இயற்கையான பாதுகாப்புப் படலம் வேகவைக்கும்போது போய்விடுகிறது. அதனால் பச்சை முட்டையைவிட வெந்த முட்டை சீக்கிரம் கெடும். துணிச் சாயம், ரங்கோலிப் பொடி போன்றவற்றைச் சாப்பிடுகிற முட்டையில் தொடவே கூடாது, உள்ளே கசிந்துவிடும்.

வெந்த முட்டை ஃபிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. நம் ஊர் ஏப்ரல் வெயிலைச் சொல்லவே வேண்டாம்! ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். விரிசல் விட்டதையும், தோட்டத்தில் ஒளித்து வைத்து விளையாடியதில் நேரம் கடந்துவிட்டதையும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

கூடையில் அழகுக்கு வைக்கும் முட்டை வேறு, குழந்தையின் தட்டில் வைக்கும் முட்டை வேறு. முதலிலேயே இரண்டையும் பிரித்து வைத்துவிட்டால், பண்டிகையும் இனிக்கும், வயிறும் வாழ்த்தும்!