ஆனைக்கொம்பன்: குழலைப் பார்த்து ஈயை அறிவது

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு வெயில் முகம் காட்டாத நாட்களில், திருக்கடையூர்ப் பக்கம் சம்பா வயல் வரப்பில் நின்று பயிரை உற்றுப் பாருங்கள். பச்சைத் தூர்களுக்கு நடுவே வெளிறிய, பளபளப்பான குழல் ஒன்று விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் ஆனைக்கொம்பன். தந்தம் போல இருப்பதால் அந்தப் பெயர். வெங்காயத்தாள் போல இருக்கிறது என்றும் சொல்வார்கள்.

குழல்தான் கண்ணில் படும். அதை உண்டாக்கிய ஈ படாது. அதன் நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். பார்வைக்குக் கொசு மாதிரி, மெல்லிய நீண்ட கால்கள். பெண் ஈயின் வயிறு செம்மஞ்சளாகப் பருத்திருக்கும், ஆண் மெலிந்தது. கொசுவுக்கு உள்ள நீண்ட ஊசிமூக்கு இதற்குக் கிடையாது. இரவில் விளக்கைத் தேடி வரும். ஆயுள் சில நாட்கள்தான். அறிவியலில் இதன் பெயர் ஆர்சியோலியா ஒரைசே. 1889இல் வுட்-மேசன் இதை முதலில் விவரித்தார்.

அந்தச் சில நாட்களுக்குள் பெண் ஈ இலைகளின் அடிப்பக்கம் நூற்றுக்கு மேல் முட்டையிட்டுவிடும். மூன்று நான்கு நாளில் கால் இல்லாத புழு வெளிவரும். இலை ஈரமாக இருந்தால்தான் அது வழுக்கிக்கொண்டு குருத்தின் அடிவரை போய்ச் சேரும். மூடாக்கும் தூறலும் இதற்குத் தோதாவது அதனால்தான். புழு குருத்தில் உட்கார்ந்து தின்னத் தொடங்கியதும், இலையாக வேண்டிய பகுதி குழலாக நீளும். அந்தத் தூரில் கதிர் வராது. கூட்டுப்புழு தன் உடம்பு முட்களை ஊன்றிக் குழலுக்குள் மேலேறி, நுனிக்கருகே துளையிடும், ஈ பறந்துவிடும். துளையில் வெள்ளைச் சட்டை தொங்கினால், உள்ளே இருந்தது போய்விட்டது என்று பொருள்.

குருத்துப்பூச்சித் தாக்குதலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் நடுக்குருத்து பழுப்பாகக் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். இதில் குருத்து காயாது, குழலாகும்.

சந்தேகம் இருந்தால் துளையில்லாத ஒரு குழலை அடியோடு எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். அடியில் சிவந்த புழுவோ கூட்டுப்புழுவோ இருக்கும். சில புழுக்களின் தோலுக்குள் சின்னஞ்சிறு உருண்டைகள் நெருக்கி அடைந்திருக்கும். அவை பிளாட்டிகேஸ்டர் என்ற குளவியின் குஞ்சுகள். ஒரே புழுவை உள்ளிருந்தே தின்று பல குளவிகள் வெளிவரும். அவை நம் ஆட்கள். அதனால்தான் குளவி தங்கிய குழல்களைச் சேகரித்து, நட்ட பத்தாம் நாளில் 10 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வயலில் வைக்கச் சொல்கிறார்கள் வேளாண் பல்கலைக்கழகத்தார்.

நூறு தூரில் பத்துக்கு மேல் குழல் தெரிந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும், குழலாகிப்போன தூர் கதிராகத் திரும்பாது. கண்டபடி அடித்தால் குளவிதான் சாகும். அடுத்த போகத்தில் யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள். அறுவடையானதும் தாளை மடக்கி உழுது, வரப்புப் புல்லைச் செதுக்கிவிடுங்கள். நெல் இல்லாத நாட்களில் ஈ பிழைத்திருப்பது அங்கேதான்.