இருதயம் பிழைத்தது, சிறுநீரகம்?

எங்கள் தெருக்கோடி வீட்டு மாமி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. மாமாவுக்கு மாரடைப்பு வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வாசலில் ஆரத்தி சுற்றிக் கொட்டிய கையோடு மாமி சமையலறைக்குள் போய், ஊறுகாய் ஜாடிகளை எல்லாம் அக்கம்பக்கத்தாருக்குத் தானம் செய்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தது மாகாளிக் கிழங்கு. (அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை!)

"இனிமே இவர் ஹிருதயத்துக்கு நான்தான் காவல்" என்றார் மாமி. காவல் என்றால் அப்படி ஒரு காவல். இருதயக்காரர்களுக்கு நல்லது என்று உறவினர் ஒருவர் சொன்ன 'சோடியம் குறைந்த உப்பு' வந்தது. உடம்புச் சூடு தணிய தினம் காலையில் ஓர் இளநீர். மாமாவுக்கு முழங்கால் வலி என்றதும், மருந்துக் கடையில் சொல்லி வலி மாத்திரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

மூன்று வாரம் ஆயிற்று. மாமா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே தடுமாறினார். குமட்டல், கால்களில் பலம் இல்லை. மறுபடியும் மாரடைப்போ என்று பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ரத்தத்தைச் சோதித்த டாக்டர் இருதயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "வீட்டில் சமையலுக்கு என்ன உப்பு அம்மா?" என்று கேட்டார்.

மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களில் பலருக்கும் புரியாது. எனக்கும் அன்று புரியவில்லை. மாரடைப்பு வந்தவருக்கும் உப்பு டப்பாவுக்கும் நடுவில் சிறுநீரகம் என்ற ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுப் பக்கமாக, ஆளுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் கைமுஷ்டி அளவு. இருதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது என்றால், அதில் ஏறக்குறைய ஒரு லிட்டர் இந்தச் சின்ன உறுப்புகளுக்கே போகிறது. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, வேண்டியதை எல்லாம் திரும்ப ரத்தத்துக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டரைத்தான் வெளியே அனுப்புகின்றன. நம் வீட்டில் காப்பி டிகாக்ஷன் இறங்கும் வேகத்தை நினைத்துக்கொண்டால் இதன் பெருமை விளங்கும்.

இருதயமும் சிறுநீரகமும் சம்பந்திகள் மாதிரி. ஒரு வீட்டில் மனஸ்தாபம் என்றால் மறு வீட்டில் அடுப்பு எரியாது. மாரடைப்பில் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போனால் இறைக்கும் பலம் குறையலாம். சிறுநீரகத்துக்கு வரும் ரத்தமும் குறைகிறது. அது என்ன செய்கிறது தெரியுமா? உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று தப்பாக எண்ணிக்கொண்டு, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது, ஏற்கெனவே களைத்துப்போன இருதயத்தின் தலையில் இன்னும் பாரம் ஏறுகிறது.

இது போதாதென்று, இருதயக் குழாய்களைக் கெடுத்த சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களையும் சும்மா விட்டிருக்காது. ஆஞ்சியோகிராம் எடுக்கச் செலுத்தும் சாயம்கூட, பலவீனமான சிறுநீரகத்துக்குச் சில நாள் சிரமம் தரக்கூடும். மாரடைப்பு வந்த 14,527 பேரைக் கவனித்து 2004-ஆம் வருஷம் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது: சிறுநீரகத்தின் திறன் எவ்வளவுக்குக் குறைந்திருந்ததோ, அவ்வளவுக்கு உயிருக்கும் ஆபத்து ஜாஸ்தியாக இருந்தது. லேசான குறைவைக்கூட அலட்சியம் செய்ய முடியாது.

ஆனால் சிறுநீரகம் வாய் திறந்து சொல்லாதே! பாதித் திறன் போன பிறகும் வலி இருக்காது. சிறுநீரும் வழக்கம்போலவே போகும். ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்று இரண்டு பரிசோதனைகள் இருக்கின்றன. அவைதான் அதற்கு வாய்.

சரி, மாமாவின் கதைக்கு வருவோம். மாரடைப்புக்குப் பிறகு பலருக்குக் கொடுக்கும் மருந்துகளில் ராமிப்ரில், எனாலாப்ரில் போன்ற ஒரு வகை உண்டு. இதன் பூர்வீகம் வேடிக்கையானது. பிரேஸில் தேசத்து விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தை ஆராயப் போய்க் கிடைத்த துப்பிலிருந்து பிறந்தது இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையான காப்டோப்ரில். மாரடைப்பினால் இருதயம் பலவீனப்பட்டவர்களை அது அதிக நாள் வாழ வைக்கிறது என்று 1992-ல் நிரூபித்தார்கள். நாளடைவில் சிறுநீரகத்துக்கும் நல்லதே செய்யும். ஆனால் ஒரு குணம்: பொட்டாசியம் என்ற உப்புச் சத்தை வெளியே போகவிடாமல் சற்று நிறுத்தி வைக்கும். ஆகவேதான் ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். மாமா போகவில்லை. "நன்னாத்தானே இருக்கேன்!"

மாமி வாங்கிய உப்பில் சோடியத்தைக் குறைத்து, அந்த இடத்தில் எதைச் சேர்த்திருந்தார்கள்? பொட்டாசியம். இளநீரில் நிறைய இருப்பது? அதுவும் பொட்டாசியம்தான். வலி மாத்திரையோ சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே சுருக்கிவிட்டது. உள்ளே வருவது அதிகம். வெளியே போக வழியில்லை. பொட்டாசியம் ரத்தத்தில் 5-க்குள் இருக்க வேண்டும், மாமாவுக்கு 6.8. இன்னும் ஏறியிருந்தால் துடித்துக்கொண்டிருக்கும் இருதயம் அப்படியே நின்றுபோயிருக்கக்கூடும். நல்லவேளை, நாலு நாள் சிகிச்சையில் இறங்கிற்று.

அந்த உப்பையே பழிப்பதும் நியாயமல்ல. சீனக் கிராமங்கள் 600-ல் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அத்தகைய உப்பினால் பக்கவாதம் குறைந்தது. சிறுநீரகம் திடமாக உள்ளவர்களுக்கு அது நல்லதுதான். மாமாவைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கூடாது. இவர்களுக்குச் சாதாரண உப்பையே குறைத்துப் போடுவதுதான் வழி. ஒருவருக்கு நாள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள். அப்பளமும் வடகமும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்! இந்துப்பு வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதிலும் பெரும்பங்கு அதே சோடியம்தான்.

வலி மாத்திரை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் போன்றவை சிறுநீரகத்துக்கும் ஆகாது, மாரடைப்பு வந்த இருதயத்துக்கும் ஆகாது. இடுப்பு வலி, பல்வலி என்று பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையைக் கை மாற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதற்காக, ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் எழுதிக் கொடுத்த சின்ன ஆஸ்பிரினை நிறுத்திவிடப் போகிறீர்கள்! அது வேறு, அதை விடவே கூடாது. வேறு எந்த இருதய மருந்தையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. வாந்தி பேதி வந்து சாப்பாடு தங்காத நாட்களில் மட்டும் உடனே டாக்டருக்குச் சொல்லி, எதை எத்தனை நாள் நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்போது சிறுநீரகம் சீக்கிரம் வாடிவிடும்.

தண்ணீரைப் பற்றி ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். "நிறையக் குடித்தால் சிறுநீரகம் அலம்பி விட்டாற்போல் ஆகிவிடும்" என்பார்கள். இருதயம் பலவீனப்பட்டவருக்கு அந்தத் தண்ணீரே நுரையீரலில் தேங்கலாம். இவ்வளவு டம்ளர் என்று டாக்டரிடம் கேட்டு, அதே அளவுக்கு ஒரு கூஜாவில் தினம் ஊற்றி வைத்துவிடுவது சுலபமான உபாயம். அதோடு எடை. தினம் காலையில் சாப்பிடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். மூன்று நாளைக்குள் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, தண்ணீர். அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மாமி ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. "நன்னாப் பார்த்துக்கணும்னுதானேடீ எல்லாம் பண்ணினேன்!" அந்த டாக்டர் நல்லவர். கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொல்லி, முதல் பக்கத்தில் அன்றைய கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

அந்த நோட்டு இப்போது மாமி வீட்டுக் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. மாமா எடை இயந்திரத்தில் ஏறி நின்று எண்ணைப் படித்து, மாமி அதை எழுதி முடித்த பிறகுதான் காலைக் காப்பி. "ஜெயில்ல கூட முதல்ல காப்பி குடுப்பா" என்று மாமா தினமும் முணுமுணுக்கிறார். போன வாரம் எழுதியிருந்த கிரியாட்டினின் 1.3. மாமி அதைச் சிவப்பு மையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.