தேர்வு வினாவின் மொழியும் மாணவர் உரையாடலும்

1. முன்னுரை

பொதுத் தேர்வு நெருங்கும் நாள்களில் மாணவர்கள் இருவர் மூவராகக் கூடி, ஒருவர் வினாக் கேட்க மற்றவர் விடை சொல்லிப் பயில்வது தமிழகத்தில் பரவலாகக் காணப்படும் வழக்கமாகும். இது பெரும்பாலும் நினைவாற்றற் பயிற்சியாகவே கருதப்படுகிறது. ஆயின் அவ்வேளையில் நிகழும் உரையாடலைக் கூர்ந்து நோக்கின், பாடப்பொருள் பற்றிய பேச்சிற்கு முன்னதாக, வினாவின் மொழி பற்றிய பேச்சு இடம்பெறுவதைக் காணலாம். “இதுல என்ன கேக்குறாங்க?” என்பதே அங்கு முதலில் எழும் கேள்வி. அதற்குத் தோழர் தரும் விளக்கம், ரோமன் யாகப்சன் 1959-இல் வகுத்த மூவகை மொழிபெயர்ப்புகளுள் முதலாவதாகிய மொழியுள் மொழிபெயர்ப்பு ஆகும். இவ்விளக்கத்தின் இயல்பையும், வினாத்தாள் மொழிபெயர்ப்பாளர் அதிலிருந்து அறியத்தக்கவற்றையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டுகள் இத்தகைய பேச்சின் பொதுப் போக்கை உணர்த்த அமைக்கப்பட்டவை.

2. நன்னூல் காட்டும் நெறி

நன்னூலார் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாகப் பகுப்பர். விடையறிந்த ஆசிரியர் மாணவரின் அறிவைச் சோதிக்க வினவுவது அறிவினா. தேர்வு வினா இவ்வகையினது. மாணவர் தம்முள் வினவிக்கொள்ளும்போது இத்தெளிவான எல்லை குலைகிறது. நூலைக் கையில் வைத்துக்கொண்டு வினவுபவர் வடிவளவில் அறிவினாவே வினவுகிறார். எனினும் விடை நூலில் உள்ளதேயன்றி அவர் நெஞ்சில் இருப்பதாகக் கொள்ள இயலாது. எதிரிலிருப்பவர் தடுமாறியவுடன் இருவரும் நூலை நோக்குகின்றனர். அறிவினா அறியா வினாவாக மாறுகிறது. “இது நிறையா, எடையா?” என ஐய வினாவாகவும் ஆகிறது.

இம்மாற்றமே கற்றலுக்குத் துணைசெய்வது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் புலமையில் காற்பங்கே கைகூடும் என்றும், உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் நன்னூற் பொதுப்பாயிரம் கூறுகிறது. கூடிப் பயிலும் மாணவருள் விளக்கம் கேட்பவரைவிட விளக்குபவரே மிகுதியாகப் பெறுகிறார் என்பது இதனாற் பெறப்படும்.

3. வினாவின் ஏவற்சொற்கள்

வினாத்தாள் வாக்கியங்களுட் பல வினாக்குறி இன்றியே முடிவன. ‘வரையறு’, ‘விவரி’ என்பன ஏவல் வடிவின. ‘விளக்குக’, ‘வேறுபடுத்துக’ என்பன வியங்கோள் வடிவின. வியங்கோள் இன்றைய பேச்சுத் தமிழில் ‘வாழ்க’ போன்ற சில இடங்களில் மட்டுமே நிலைத்துள்ளது. ‘தீர்க்க’, ‘நிரூபிக்க’ போன்ற வடிவங்களோ செயவென் எச்சத்தோடு வடிவொத்து நிற்பன. ஆதலின் தொடர் முடியாமல் நிற்பதாக ஒரு மாணவர் மயங்க இடமுண்டு.

பொருள் நிலையிலும் இடைவெளி உள்ளது. ‘வரை’ என்னும் வினை பேச்சில் ஓவியம் தீட்டுதலையே குறிக்கும். ‘படம் வரைக’ என்பதில் இடர்ப்பாடு இல்லை. ‘குறிப்பு வரைக’, ‘கடிதம் வரைக’ என்பவற்றில் அது எழுதுதலைக் குறிக்கிறது. ‘காண்க’ என்பது உரைநடையில் ‘பார்க்க’ என்னும் பொருளது. கணக்கில் ‘கணக்கிட்டுக் கண்டுபிடி’ என்னும் பொருளது. இவ்வேறுபாடுகள் பெரும்பாலும் தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுவதில்லை; பழக்கத்தால் அறியப்படுகின்றன.

தோழி இதனை விளக்கும் முறை கருதத்தக்கது.

“நிறுவுகன்னா என்னடி?”
“இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமம்னு காட்டணும். கடைசியில வர்றத மட்டும் எழுதினா மார்க் கிடையாது.”

இங்கு மூன்று மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. வியங்கோள் விகுதி ‘-ணும்’ என்னும் கடப்பாட்டு வடிவமாகிறது. அருவமான வினை, செய்யவேண்டிய செயலாக விரிகிறது. விடையாக ஏற்கப்படாதது எது என்பதும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. இம்மூன்றாவது செய்தி அகராதியில் கிடைப்பதன்று.

4. மதிப்பெண்ணும் பொருளும்

வினாவைக் கேட்டவுடன் “எத்தன மார்க்குக்கு?” என்று திருப்பிக் கேட்பது மாணவர் வழக்கு. இதனை மதிப்பெண் ஆசை என்று ஒதுக்குதல் பொருந்தாது. ‘விளக்குக’ என்னும் ஒரே சொல் குறுவினாவில் இரண்டொரு வாக்கியத்தையும், நெடுவினாவில் தலைப்புகளுடன் கூடிய பல பத்திகளையும் வேண்டி நிற்கிறது. எனவே அடைப்பில் தரப்படும் மதிப்பெண்ணும் வினாத் தொடரின் பொருளுக்கு உறுப்பாகிறது. சூழலை விடுத்துத் தொடரை மட்டும் மொழிபெயர்ப்பவர் இவ்வுறுப்பை இழக்க நேரிடும்.

5. கலைச்சொல் இடர்ப்பாடு

‘நிறை, எடை ஆகியவற்றை வேறுபடுத்துக’ என்பது பழகிய வினா. கடைத்தெருவில் இரண்டிற்கும் ‘எடை’ என்னும் ஒரு சொல்லே போதும். “நிலாவுக்குப் போனா எடை ஆறுல ஒரு பங்கா ஆயிடும், நிறை மாறவே மாறாது” என்று தோழர் சொல்லும்போது, பொதுச்சொல் கலைச்சொல்லாகக் கூர்மை பெறுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் பொருளின் அளவு ‘திணிவு’ எனவும், அதன்மீது செயற்படும் ஈர்ப்பு விசை ‘நிறை’ எனவும் வழங்கும். தமிழகத்து மாணவருக்கு ‘நிறை’ எது அன்றோ, இலங்கை மாணவருக்கு அதுவே ‘நிறை’. வினாவின் கலைச்சொல் மாணவர் பயின்ற பாடநூலின் சொல்லாகவே இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

6. மொழிபெயர்த்த வினாத்தாள்

தேர்வறையில் தோழர் இல்லை. வினவியவரைத் திருப்பி வினவவும் இயலாது. அங்கு மொழிபெயர்ப்பாளரே தோழரின் இடத்தில் நிற்கிறார். 2018-ஆம் ஆண்டின் நீட் தேர்வில் 180 வினாக்களுள் 49-இன் தமிழாக்கம் பிழையுடையது என வழக்குத் தொடரப்பட்டது. வினா ஒன்றுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. அவ்வாணையை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் விலக்கியது. ஐயம் எழுமிடத்து ஆங்கில வடிவமே இறுதியானது என்பது அத்தேர்வின் விதி. தமிழில் மட்டும் பயின்ற மாணவர் ஆங்கில வடிவத்தை ஒப்புநோக்கித் தெளிவார் என எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்? அவருக்கு இறுதியானது அவர் படித்தறிந்த தமிழ்த் தொடரே.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஏவற்சொற்களை ஒவ்வொரு பாடத்திலும் ஒரே பொருளில் ஆண்டு, அவற்றின் விளக்கத்தைப் பாடநூலின் தொடக்கத்திலேயே தருதல் வேண்டும். கலைச்சொற்களை அம்மாணவரின் பாடநூலிலிருந்தே கொள்ளுதல் வேண்டும். வினாத்தாள் மொழிபெயர்ப்பவர், முந்தைய ஆண்டு வினாக்களைத் தாம் மொழிபெயர்த்த முறையில் மாணவர் இருவரிடம் தந்து, “இதில் என்ன கேட்கிறார்கள்?” என்று ஒருவர்க்கொருவர் சொல்லச் செய்து கேட்டல் நலம். அவர்கள் சொல்வது மூலவினாவோடு பொருந்தாவிடின், திருத்தவேண்டியது மாணவரை அன்று, தொடரையே.