சோம்புக் கிண்ணம் வரும் நேரம்

ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் மேசைக்கு இரண்டு சங்கதிகள் வரும். ஒன்று, சோம்பும் கல்கண்டும் போட்ட கிண்ணம். இன்னொன்று, கறுப்பு அட்டைக்குள் மடித்து வைத்த பில். கிண்ணத்துக்குள் எல்லாக் கைகளும் போகும். அட்டை வைத்த இடத்திலேயே கிடக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து ஒருவருக்குப் போன் வரும். கை கழுவப் போன இன்னொருவர் திரும்பியே வர மாட்டார்.

சென்னை அண்ணா நகரில் அப்படி ஓர் இரவு. அலுவலகத் தோழிக்குப் பிறந்தநாள். "வெள்ளிக்கிழமை நைட் டின்னர், எல்லாரும் கண்டிப்பா வந்துடணும்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். ஒன்பது பேர் கூடினோம். பில் 8,400 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டி 420, ஆக மொத்தம் 8,820. எங்களில் கணக்குப்புலி ஒருவர் உண்டு. "பர்த்டே கேர்ளை விட்டுடுவோம், மிச்ச எட்டுப் பேரும் ஷேர் போட்டுக்கலாம்" என்றார். தலைக்கு 1,102 ரூபாய் 50 காசு. அந்த 50 காசைத் தள்ளுபடி செய்த தயாளமும் அவருடையதுதான்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன தம்பி ஒருவன் கடைசியாக வந்து, ஒரு வெஜ் ஃப்ரைடு ரைஸும் லைம் சோடாவும் மட்டும் சாப்பிட்டிருந்தான். அவனும் போனை எடுத்தான். ஒரு நிமிடம் திரையையே பார்த்தான், அனுப்பினான். எதிரில் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

யார் கொடுத்திருக்க வேண்டும்? என்னைக் கேட்டால், கூப்பிட்டவர். "வாங்க" என்று சொல்வதும் "போலாமா" என்று கேட்பதும் ஒன்றல்ல. வாங்க என்றவர் வீட்டுக்காரர், வந்தவர் விருந்தாளி. சாப்பாடு வீட்டில் நடக்காமல் ஓட்டலில் நடந்ததால் மட்டும் அது மாறிவிடுமா?

இதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலேயே படித்த பாடம்தான். பிறந்தநாளன்று யூனிஃபார்மிலிருந்து விடுதலை, கலர் டிரஸ், கையில் சாக்லேட் பாக்கெட். துணைக்கு உயிர்த்தோழன் ஒருவன். அந்தப் பதவிக்கு வகுப்பில் அடிபிடி நடக்கும். பையன்களுக்குத் தலைக்கு ஒன்று, டீச்சருக்கு இரண்டு. கொடுத்தது பிறந்தநாள்காரர், வாங்கியது மற்றவர்கள். பெரியவனானதும் அதே வழக்கம் "டேய், ட்ரீட் எப்போ?" என்று உருமாறியது. புது பைக்குக்கு ட்ரீட், இன்கிரிமென்ட்டுக்கு ட்ரீட். எல்லாவற்றிலும் செலவு, சந்தோஷம் யாருடையதோ அவருடையதே. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும்கூட அலுவலகத்துக்குக் கேக் கொண்டுவர வேண்டியவர் பிறந்தநாள்காரர்தான். அமெரிக்காவில் நண்பர்கள் சேர்ந்து அவருடைய தட்டுக்கும் கொடுப்பது சகஜம். அங்கே இருந்து திரும்பி வந்தவர்களும் ட்ரீட் கேட்பவர்களும் ஒரே மேசையில் உட்காரும்போது, ஆளுக்கொரு சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு பில்லைப் பார்க்கிறார்கள்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. முன்பெல்லாம் பங்கு பிரிப்பதே பெரும் பாடு. ஒன்பது பேரிடம் வசூலித்து, சில்லறை தேடி முடிப்பதற்குள் சர்வர் விளக்கை அணைக்க ஆரம்பித்துவிடுவார். "இன்னிக்கு நான் கொடுக்கிறேன், அடுத்த தடவை நீ" என்ற நம்முடைய பெருந்தன்மையில் பாதி, சில்லறைத் தட்டுப்பாட்டில் பிறந்தது. 2016இல் யுபிஐ வந்தது. இப்போது பைசா சுத்தமாகப் பிரிக்கலாம். பிரிக்க முடிகிறது என்பதாலேயே பிரிக்கிறோம். மனைவிக்குச் சர்ப்ரைஸ் பார்ட்டி வைத்துவிட்டு, மறுநாள் காலை நண்பர்கள் எல்லாருக்கும் பணம் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்பிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்த ரிக்வெஸ்ட் போனவர்களில் நானும் ஒருவன்.

விருந்துக்குப் போய்ப் பணம் கொடுப்பது நமக்கு அந்நியமா என்ன என்று சிலர் கேட்கலாம். இல்லைதான். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். ஆனால் அங்கே பத்திரிகை வைக்கும்போதே எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்பது தெரியும். எவ்வளவு எழுதுவது என்பதை எழுதுகிறவர் தீர்மானிக்கிறார். எழுதிய தொகை நோட்டில் ஏறி, நாளை அவர் விருந்து வைக்கும்போது கூடுதலாகத் திரும்பி வரும். அண்ணா நகர் மேசையில் இந்த மூன்றில் எது இருந்தது?

பங்கு போடுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஹாஸ்டலில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு, நள்ளிரவில் கேக் வெட்டி, பாதியைப் பிறந்தநாள்காரன் முகத்தில் அப்பியவர்கள்தானே நாம். அதைத் திட்டமிட்டது நண்பர்கள், அதனால் செலவும் அவர்களுடையது. பங்குதான் என்றால் கூப்பிடும்போதே, "தலைக்கு ஆயிரம் ஆகும், வர முடிஞ்சவங்க வாங்க" என்று சொல்லிவிடலாம். சொன்னால் கௌரவம் குறையும் என்று தோன்றினால், இடத்தை மாற்றலாம். பங்கு வாங்கியபின் கிஃப்ட்டையும் எதிர்பார்ப்பது கொஞ்சம் ஓவர்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருந்தால் அதை யார் தலையில் கட்டுவது என்று தனியாக அடித்துக்கொள்ளவும் வேண்டாம். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுத்தாக வேண்டும்.

நான்கு மாதம் கழித்து அந்த ஃப்ரைடு ரைஸ் தம்பிக்குப் பிறந்தநாள் வந்தது. "சாயந்தரம் அஞ்சு மணிக்கு எல்லாரும் வாங்கண்ணா, என் ட்ரீட்" என்றான். அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடை. ஒன்பது டீ, ஆளுக்கு இரண்டு வாழைக்காய் பஜ்ஜி, தொட்டுக்கொள்ளத் தேங்காய் சட்னி. சாப்பிட்டு முடித்ததும் கணக்குப்புலி பழக்கதோஷத்தில் போனை எடுத்து, கல்லாவில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையை நோக்கிப் போனார்.

"அந்தத் தம்பி வந்தவுடனே கொடுத்துட்டாரு சார்" என்றார் கடைக்காரர், அடுத்த ஈடு பஜ்ஜியைத் திருப்பிப் போட்டபடி.